கரிவரதன் நினைவு நாளில் பழைய பந்தயக் கார்களைக் கிளப்புவோர் கவனத்துக்கு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

ஆகஸ்ட் 24 நெருங்கினால் கோவையில், பந்தயக் கார் ஓட்டியும் கட்டியும் பேர் வாங்கிய எஸ்.கரிவரதன் பேச்சு எழும். 1995-இல் அந்தத் தேதியில்தான் விமான விபத்தில் அவர் இறந்தார். நாற்பதைத் தாண்டியிருந்தார், அவ்வளவுதான். நினைவுக் குறிப்பு போடும் நாளிதழ்கள் எல்லாம் ஏறத்தாழ ஒரே மாதிரிதான் எழுதுகின்றன. வேக நாயகன், சோழவரம் பந்தயத் தடம், கோப்பைகள், ஒரு பழைய கறுப்பு வெள்ளைப் படம். தப்பில்லை. ஆனால் ஓட்டியவரைப் பற்றி எழுதுகிற அளவுக்கு, கார் கட்டியவரைப் பற்றி யாரும் எழுதுவதில்லை. எங்களைப் போலப் பட்டறையில் நிற்பவர்களுக்கு அந்த இரண்டாவது ஆள்தான் பெரியவர்.

லட்சுமி மில்ஸ் குடும்பத்தில் பிறந்தவர். வெளிநாட்டிலிருந்து நல்ல கார் ஒன்றை இறக்கி, தான் மட்டும் ஜெயித்துக்கொண்டிருக்கலாம். அப்படிச் செய்தவர்களும் அந்தக் காலத்தில் உண்டு. இவர் 1988-இல் ஃபார்முலா மாருதி என்ற ஒற்றை இருக்கைப் பந்தயக் கார் வகையைக் கொண்டுவந்தார். உள்ளூரில் வளைத்து வெல்டு வைத்த குழாய்ச் சட்டம், அதில் மாருதி 800 இன்ஜின். எல்லாருக்கும் ஒரே இன்ஜின் என்பதால் பணம் பின்னுக்குப் போய், கை முன்னுக்கு வந்தது. நரேன் கார்த்திகேயன் ஸ்ரீபெரும்புதூரில் முதன்முதலாகப் போட்டியிட்டு மேடை ஏறியது இந்த வகைக் காரில்தான். அவர் 2005-இல் ஜோர்டான் அணியில் ஃபார்முலா ஒன்னுக்குப் போனது ஊரறிந்த கதை. செட்டிபாளையத்தில் 2.1 கிலோமீட்டர் நீளமுள்ள பந்தயத் தடத்துக்கு கரி மோட்டார் ஸ்பீட்வே என்று பேர் வைத்திருப்பதும் சும்மா மரியாதைக்கு அல்ல.

இங்கே ஒரு சின்ன வேண்டுகோள். ஒற்றை இருக்கைக் கார் எதைப் பார்த்தாலும் படத்தின் கீழே ‘ஃபார்முலா ஒன் கார்’ என்று போடுவதைத் தயவுசெய்து நிறுத்துங்கள். சொன்னால் சிரிப்பீர்கள், மளிகைக் கடைக்குப் போன மாருதியின் இன்ஜினை வைத்துத்தான் அந்தப் பையன்கள் ஓட்டினார்கள். அதுதானே அதன் பெருமை.

கடிதம் எழுதும் காரணத்துக்கு வருகிறோம். கோவை, திருப்பூர் வட்டாரத்தில் மில் குடோன்களிலும் பட்டறைப் பின்கட்டிலும் தார்ப்பாய் போர்த்திய பழைய ஒற்றை இருக்கைக் கார்கள் கிடக்கின்றன. நினைவு நாள் வந்தால் யாருக்காவது ஆசை வரும்: ‘பேட்டரியைப் போட்டு ஒரு தடவை ஸ்டார்ட் பண்ணிப் பாக்கலாமுங்க.’ இருபது வருடம் நின்ற கார் கெட்டுப்போவது பெரும்பாலும் நின்ற இருபது வருடத்தில் அல்ல, எழுப்புகிற முதல் இருபது நிமிடத்தில். ஆகவே இதை முழுதாக வெளியிட்டால் நல்லது.

முதல் நாள் ஸ்பேனர் எடுக்கவே கூடாது. படம் மட்டும் எடுங்கள். பெட்ரோல் ஹோஸ் எந்தப் பக்கமாகப் போகிறது, எந்த போல்ட்டில் எத்தனை வாஷர், ஸ்டிக்கர் எங்கே ஒட்டியிருக்கிறது, சட்டத்தில் எண் ஏதும் வெட்டியிருக்கிறதா, எல்லாம். இந்தக் கார்களுக்கு அச்சிட்ட கையேடு கிடையாது. ஒவ்வொன்றும் கட்டியவர் கை போன போக்கில் கொஞ்சம் கொஞ்சம் மாறியிருக்கும். வாஷர் என்று நீங்கள் தூக்கிப்போடுவது, சக்கரத்தின் கோணத்தை அமைக்க அன்று வைத்த ஷிம்மாக (இடைவெளி நிரப்பும் மெல்லிய தகடாக) இருக்கலாம்.

இன்ஜின். மாருதி 800-இன் பழைய மூன்று சிலிண்டர், 796 சி.சி., போர் 68.5 மி.மீ., ஸ்ட்ரோக் 72 மி.மீ. மூன்று பிளக்கையும் கழற்றி, ஒவ்வொரு சிலிண்டருக்குள்ளும் டீசலும் ஏ.டி.எஃப். எண்ணெயும் (ஆட்டோமேட்டிக் கியர் பாக்ஸுக்கு ஊற்றுவது) சரிபாதி கலந்து இரண்டு டீஸ்பூன் விடுங்கள். ஒரு நாள் முழுக்க, முடிந்தால் இரண்டு நாள், அப்படியே இருக்கட்டும். பிறகு கிராங்க் புல்லி போல்ட்டில் ஸ்பேனர் போட்டு, இன்ஜின் சுற்றும் திசையிலேயே கையால் மெல்லச் சுற்றுங்கள். சுற்றாவிட்டால் பைப் மாட்டி நெம்ப வேண்டாம். பிஸ்டன் ரிங் துருவேறி சிலிண்டர் சுவரில் ஒட்டியிருக்கும், நெம்பினால் ரிங் உடையும், உடைந்த துண்டு சுவரைக் கீறும். இன்னும் எண்ணெய் விட்டு, முன்னும் பின்னும் ஒரு விரற்கடை அசைத்து அசைத்துத்தான் விடுவிக்க வேண்டும். நான்கைந்து நாளிலும் அசையாவிட்டால் சிலிண்டர் ஹெட்டைக் கழற்றுவதுதான் வழி. ஸ்டார்ட்டர் மோட்டாரையோ, கயிறு கட்டி இழுப்பதையோ இந்தக் கட்டத்தில் நினைத்தே பார்க்கக் கூடாது.

கையால் சுற்ற ஆரம்பித்ததும் டைமிங் பெல்ட்டை மாற்றுங்கள். பார்க்கப் புதிது மாதிரி இருக்கும், மடக்கினால் பல்லின் அடியில் வெடிப்பு தெரியும். பந்தயத்துக்காக ஹெட்டைச் சீவி, கேமை (வால்வுகளைத் தள்ளித் திறக்கும் தண்டை) மாற்றிய இன்ஜின்கள் இவை. பெல்ட் அறுந்தால் வால்வு பிஸ்டனில் முட்டும் என்றே எடுத்துக்கொள்ள வேண்டும். டென்ஷனர் பேரிங்கைக் காதருகே வைத்துச் சுற்றிப் பாருங்கள். கரகரவென்றால் அதுவும் புதிது.

எண்ணெயை வடித்து, ஃபில்ட்டரை மாற்றி, 20டபிள்யூ-50 சாதாரண மினரல் ஆயில் ஊற்றினால் போதும். விலை கூடிய சிந்தெடிக் இந்தப் பழைய சீல்களுக்குத் தேவையில்லை. ஆயில் ஊற்றியவுடன் சாவி போடுவதுதான் அடுத்த பொதுவான தப்பு. கேம் மேடு காய்ந்து கிடக்கிறது, பம்பில் எண்ணெய் இல்லை. மேல் மூடியைக் கழற்றி கேமின் மேல் சுமார் 100 மில்லி ஆயிலை நேரடியாக ஊற்றுங்கள். பிளக் போடாமல், காயில் ஒயரைக் கழற்றிவிட்டு, ஸ்டார்ட்டரைப் பத்துப் பத்து விநாடி சுற்றுங்கள், நடுவில் அரை நிமிடம் ஓய்வு. ஆயில் பிரஷர் மீட்டர் முள் எழும்பும் வரை இதுதான் வேலை. பத்துத் தடவை சுற்றியும் முள் எழும்பவில்லை என்றால், பம்ப் எண்ணெயைப் பிடிக்கவில்லை என்று பொருள். ஃபில்ட்டரைக் கழற்றி அதன் வழியில் ஆயில் விட்டு மறுபடி முயலுங்கள்.

அப்படியே கம்ப்ரஷனையும் பார்த்துவிடலாம். ஆக்சிலரேட்டர் முழுதும் திறந்திருக்க வேண்டும். எத்தனை கிலோ காட்டுகிறது என்பதைவிட, மூன்று சிலிண்டருக்கும் நடுவே எத்தனை வித்தியாசம் என்பதே முக்கியம். வித்தியாசம் ஒரு கிலோவுக்கு மேல் போனால், குறைந்த சிலிண்டரில் கொஞ்சம் ஆயில் விட்டு மறுபடி பாருங்கள். அளவு ஏறினால் கோளாறு ரிங்கில், ஏறாவிட்டால் வால்வில்.

பாகம் கிடைக்குமா என்று சிலர் கேட்பார்கள். மாருதி 800 உற்பத்தி 2014-இல் நின்றது. ஆனால் அதே 796 சி.சி. இன்ஜின் ஆம்னி வேனில் 2019 வரை வந்துகொண்டிருந்தது. ரிங், பேரிங், கேஸ்கெட் தட்டுப்பாடு இல்லை. ஆம்னியின் கியர் பாக்ஸ் மட்டும் வேறு. அது பின்சக்கர இழுவை, இன்ஜின் நீளவாக்கில் உட்கார்ந்திருக்கும். பார்க்க ஒன்று போல இருக்கிறதென்று உக்கடத்தில் பழைய இரும்புக் கடையில் வாங்கிவந்து ஏமாற வேண்டாம். முப்பது வருடத்துக்குப் பிறகும் இந்தக் காரை ஓட வைக்க முடிகிறதென்றால், தெருமுனைக் கடையில் கிடைக்கிற இன்ஜினைத்தான் போடுவேன் என்று அன்று அவர் எடுத்த முடிவுதான் காரணம். அதே காலத்தில் கப்பலில் வந்திறங்கிய எத்தனையோ கார்கள் ஒரு பிஸ்டன் கிடைக்காமல் கண்காட்சிப் பொருளாகிவிட்டன.

பெட்ரோல் விஷயத்தில் கொஞ்சம் நிதானிக்க வேண்டும். தீ பிடிப்பது இங்கேதான். டேங்கில் இருக்கும் பழைய பெட்ரோல் வார்னிஷ் போலப் பிசின் கட்டியிருக்கும். வடித்துவிட்டால் போதாது. பந்தய டேங்குக்குள் பெட்ரோல் தளும்பாமல் இருக்க ஸ்பாஞ்சு அடைத்திருந்தால், அது இத்தனை வருடத்தில் மாவாக உதிர்ந்திருக்கும். விரலால் நசுக்கிப் பாருங்கள், பொடிந்தால் முழுவதையும் வெளியே எடுத்தாக வேண்டும். இல்லையேல் ஃபில்ட்டர் இரண்டு ரவுண்டுக்கு ஒரு தடவை அடைக்கும், இன்ஜின் நேர்ச் சாலையில் திணறும், ஆள் கார்புரேட்டரைக் குறை சொல்லிக்கொண்டிருப்பார்.

ரப்பர் ஹோஸ் ஒன்றுகூடப் பழையது இருக்கக் கூடாது. இப்போது பங்க்கில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். 1990-களின் ரப்பர் அதற்கென்று செய்யப்பட்டது அல்ல. முதல் நாள் ஒழுகாது. ஒரு வாரத்தில் ஊறி, மெத்தென்றாகி, கிளிப் பிடிக்கும் இடத்தில் வெடிக்கும். ஹோஸ் எக்ஸாஸ்ட்டுக்குப் பக்கத்தில் போகிற கார்களில் அதன் விளைவை விளக்க வேண்டியதில்லை. எத்தனால் தாங்கும் தரத்து ஹோஸ் என்று கேட்டு வாங்கி, முழு வட்டமாகப் பிடிக்கும் கிளிப் போடுங்கள். திருகாணி கிளிப்பை அளவுக்கு மீறி முறுக்கினால் அதுவே ரப்பரை வெட்டும்.

இன்னொன்று பலருக்குத் தெரியாது. பழைய மாருதி இன்ஜினில் பெட்ரோல் பம்ப் மின்சாரத்தில் ஓடுவதல்ல, கேம் தள்ளுவதால் ஓடுவது. அதன் உள்ளே இருக்கும் ரப்பர் டயாஃப்ரம் காய்ந்து கிழிந்திருந்தால், பெட்ரோல் வெளியே சிந்தாது, உள்ளே ஆயிலில் கலக்கும். பார்க்கிறவருக்குக் கசிவே இருக்காது. ஆயில் அளவு குறைவதற்குப் பதில் ஏறியிருக்கும், டிப் ஸ்டிக்கை மோந்தால் பெட்ரோல் வாசம் அடிக்கும். அதோடு ஓட்டினால் பிக் எண்ட் பேரிங் ஒரே நாளில் போய்விடும். பம்பையே மாற்றிவிடுவது செலவு குறைவு. கார்புரேட்டரைப் பிரித்து, ஜெட்டுகளை (பெட்ரோலை அளந்துவிடும் சின்னத் துளைத் திருகுகளை) காற்றடித்துத் திறவுங்கள். கம்பி விட்டுக் குத்தக் கூடாது, துளை பெரிதானால் கலவை கெடும். பந்தயத்துக்கென்று ஜெட் அளவு மாற்றியிருப்பார்கள் என்பதால், புது கிட்டில் வரும் ஜெட்டைப் போடுமுன் பழையதில் பொறித்த எண்ணைக் குறித்துவையுங்கள்.

ரேடியேட்டருக்கு ஆழ்குழாய்த் தண்ணீர் வேண்டாம். நம் பக்கத்து உப்பு ஒரே கோடையில் பொருக்குக் கட்டிவிடும். சிறுவாணித் தண்ணீரே கிடைத்தாலும் வேண்டாம். பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டரும் கூலன்ட்டும் பாதிப் பாதி. ரேடியேட்டர் முன்னாலும் இன்ஜின் பின்னாலும் இருக்கிற கார்களில் நீளமான குழாயில் காற்று சிக்கிக்கொள்ளும். மீட்டர் 80 டிகிரி காட்டும், ஹெட்டின் உள்ளே தண்ணீரே இருக்காது, சென்சார் ஆவியில் நின்றுகொண்டிருக்கும். ஊற்றும் வாய் எந்தப் பக்கமோ அந்தப் பக்கத்தை ஓரடி தூக்கி நிறுத்தி, மேட்டில் உள்ள ஹோஸைத் தளர்த்தி, குமிழி நின்று தண்ணீர் வரும்வரை ஊற்றுங்கள்.

இனி பிரேக். ‘பெடல் கெட்டியாத்தான் இருக்கு’ என்ற ஒரு சொல்லை நம்பி யாரும் உட்காரக் கூடாது. பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். டாட் 4 ஆயில் புதிதாக இருக்கும்போது 230 டிகிரிக்கு மேல்தான் கொதிக்க வேண்டும் என்பது தர அளவு. ஈரம் ஏறியபின் அதுவே 155 டிகிரிவரை இறங்கலாம். நிற்கும் காரில் பெடல் கல்லு மாதிரி இருக்கும். நான்கு வளைவு ஓட்டி டிஸ்க் சுட்டதும், உள்ளே இருக்கும் ஈரம் ஆவியாகி, பெடல் தரைக்குப் போகும். ஐந்தாவது வளைவில்தான் தெரியவரும்.

வேறொரு கோளாறும் இருக்கிறது. பழைய மாஸ்டர் சிலிண்டரில் பிஸ்டன் எப்போதும் போய்வரும் தூரம் மட்டும்தான் பளபளப்பாக இருக்கும், அதைத் தாண்டித் துரு. ப்ளீடிங் (பிரேக் குழாயிலிருந்து காற்றை வெளியேற்றுவது) செய்யும்போது உதவிக்கு இருப்பவர் பெடலைத் தரைவரை மிதித்தால், சீல் அந்தத் துருவில் உரசிக் கிழியும். வேலை தொடங்கும்போது இருந்த பிரேக் முடிக்கும்போது இருக்காது. ஆகவே மாஸ்டர் சிலிண்டர், வீல் சிலிண்டர், காலிபர் எல்லாவற்றையும் முதலில் பிரித்து, ரப்பர் கிட் மாற்றி, ரப்பர் குழாய்களையும் புதிதாகப் போட்டுவிட்டுத்தான் ஆயில் ஊற்ற வேண்டும். உள்சுவரில் நகத்துக்குத் தட்டுப்படும் குழி இருந்தால் அந்த சிலிண்டர் கழிவு. ஹோன் கல் போட்டுத் தேய்த்து அதைக் காப்பாற்றப் பார்க்க வேண்டாம்.

ப்ளீடிங் மாஸ்டர் சிலிண்டருக்கு மிகத் தூரமான சக்கரத்தில் ஆரம்பிக்க வேண்டும். முன்னுக்கொன்று பின்னுக்கொன்று என இரண்டு மாஸ்டர் சிலிண்டரும் நடுவில் பெடல் அழுத்தத்தை இரண்டுக்கும் பங்கிடும் பேலன்ஸ் பாரும் உள்ள கார்களில், முன் சக்கரம் ஒன்றையும் பின் சக்கரம் ஒன்றையும் ஒரே நேரத்தில் திறக்க வேண்டும். ஒன்றை மட்டும் திறந்தால் பார் ஒரு பக்கம் சாய்ந்து முட்டிக்கொள்ளும், மற்றதில் காற்று வெளியேறவே வெளியேறாது. ஒரு லிட்டர் ஆயில் வாங்கிவைத்துக்கொள்ளுங்கள், அரை லிட்டர் பத்தாது. திறந்துவைத்துப் பல நாள் ஆன புட்டியைத் தொடாதீர்கள்.

சட்டத்துக்கு வருவோம். குழாய் வெளியே பெயின்ட்டோடு மினுங்கும், உள்ளே துரு தின்றிருக்கும். தரையை ஒட்டிய கீழ்க் குழாய்களில்தான் ஈரம் தேங்கும். சின்னச் சுத்தியலால் வரிசையாகத் தட்டிப் போனால் நல்ல குழாய் கணீரென்று கேட்கும், அரித்தது மொத்தென்று கேட்கும். சந்தேகம் வந்தால் சாய ஆலை பாய்லர்களைச் சோதிப்பவர்களிடம் தடிமன் பார்க்கும் மீட்டர் இருக்கும். திருப்பூர்ப் பக்கம் கூப்பிட்டால் வந்து அரை மணியில் பார்த்துக் கொடுத்துவிடுவார்கள்.

சஸ்பென்ஷன் கை சேரும் வெல்டுகளைக் கண்ணால் பார்த்து முடிவு செய்ய முடியாது. பவுண்டரிகளில் வார்ப்பு வெடிப்புப் பார்க்கும் சிவப்புச் சாய ஸ்பிரே வாங்குங்கள். பெயின்ட்டை நீக்கிச் சுத்தம் செய்து, சாயம் அடித்து, கால் மணி நேரம் விடுங்கள். மேலே இருப்பதைத் துணியால் துடைக்க வேண்டும். கிளீனரை நேராக அதன் மேல் அடித்தால் வெடிப்புக்குள் போன சாயமும் கழுவிப்போய், வெடிப்பே இல்லை என்று பொய் சொல்லும். துடைத்தபின் வெள்ளைப் பொடி ஸ்பிரே. பத்து நிமிடத்தில் வெடிப்பு சிவப்புக் கோடாக எழுந்து நிற்கும். வெடிப்பின் மேலேயே ஒரு வெல்டு ஓட்டி மூடுவது நம் ஊர்ப் பழக்கம். அதை விடுங்கள். பக்கத்தில் மறுபடி விரியும். அந்தத் துண்டை வெட்டி எடுத்து, உள்ளே ஸ்லீவ் வைத்து, அதே தடிமன் குழாய் சேர்க்க வேண்டும்.

முன்சக்கர இழுவைக் காரின் இன்ஜினையும் கியர் பாக்ஸையும் ஒரே பொட்டலமாக எடுத்து ஓட்டுநருக்குப் பின்னால் வைப்பது சிக்கனமான யுக்தி. ஆனால் அதற்கென்று சில நோய்கள் உண்டு. முன்னால் இருந்தபோது ஸ்டியரிங்கோடு சேர்ந்து சக்கரத்தைத் திருப்பிய இரும்புக் கை, பின்னால் வந்தபின் திரும்பக் கூடாது. அதை ஒரு கம்பியால் சட்டத்தோடு கட்டிவைப்பார்கள். அந்தக் கம்பியின் இரு முனையில் உள்ள ராட் எண்டில் (உருண்டை மூட்டில்) ஆட்டம் இருந்தால், பிரேக் மிதிக்கும்போது பின்சக்கரம் தானாகத் திரும்பும். ஓட்டுபவர் முன்னால் ஸ்டியரிங்கைக் குறை சொல்வார், கார் பின்னாலிருந்து வாலாட்டிக்கொண்டிருக்கும். சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கி, மூன்று மணி ஒன்பது மணி நிலையில் பிடித்து ஆட்டி, இன்னொருவர் ராட் எண்டின் மேல் விரல் வைத்துப் பார்த்தால் கால் மில்லி ஆட்டம்கூடத் தெரியும். மாற்றும்போது போல்ட் 8.8 தரத்துக்குக் கீழே வேண்டாம். நைலாக் நட் (உள்ளே நைலான் வளையம் உள்ள நட்) ஒருமுறை கழற்றினால் மறுமுறை போடக் கூடாது.

கியர் லீவரிலிருந்து பின்னால் போகும் நீளக் கம்பியும் அப்படியே. அதன் முழங்கால் மூட்டுகளில் பின் தேய்ந்திருந்தால், நான்கிலிருந்து மூன்றுக்கு இறக்குகிறோம் என்று நினைத்து ஒன்றில் விழும். இன்ஜின் அலறுகிற அந்த ஒரு விநாடியில் வால்வு மிதக்கும். பின், புஷ் மாற்ற ஆகிற செலவு ஒரு டின் ஆயில் விலைதான்.

டயரில் நான்கு இலக்கம் பார்த்துக்கொள்ளுங்கள். 3512 என்றிருந்தால் 2012-இன் 35-ஆவது வாரம் செய்தது. தேயாமல் பட்டன் எவ்வளவு இருந்தாலும் ஏழு வருடம் தாண்டிய டயரைத் தடத்தில் ஓட்டாதீர்கள். ரப்பர் கல்லாகியிருக்கும், ஈரத் தரையில் போல வழுக்கும். பழைய டயர் காட்சிக்கு அழகு, அதைக் கழற்றி வைத்துக்கொண்டு ஓட்டுவதற்கு வேறு ஜோடி பூட்டலாம். காற்றைச் சாலைக் கார் அளவுக்கு அடைத்தால் இந்த எடைக்கு டயர் நடுவில் மட்டும் தரை தொடும். குளிர்ந்த நிலையில் 20 பி.எஸ்.ஐ.-யில் ஆரம்பித்து, ஓட்டி வந்து பார்த்து மாற்றுவது வழக்கம்.

தோள்பட்டைப் பெல்ட் வெயிலிலும் வியர்வையிலும் இற்றுப்போகும். பந்தய விதிப்படியே ஐந்து வருடத்தில் காலாவதி. பழையதை ஞாபகத்துக்கு மாட்டிவைத்துக்கொண்டு, ஓட்ட வேறு பெல்ட் போடுங்கள். பேட்டரி கட்-ஆஃப் சுவிட்ச் வெளியிலிருந்து ஒருவர் எட்டித் திருப்பும் இடத்தில் வேலை செய்கிறதா என்று இன்ஜின் ஓடும்போதே திருப்பிப் பாருங்கள்.

கண்ணாடி இழை உடலில் வெடிப்பிருந்தால் உள்பக்கமாகச் சரிசெய்யுங்கள். 80 எண் தாளால் சுரண்டி, 450 கிராம் கண்ணாடி இழை மேட் இரண்டு அடுக்கு. பிசினை இறுக்கும் ஹார்டனரைச் சித்திரை வெயிலில் ஒரு சதவீதத்தோடு நிறுத்துங்கள், இல்லாவிட்டால் டப்பாவிலேயே இறுகிவிடும். வெளியே மறு பெயின்ட் வேண்டவே வேண்டாம். பழைய பெயின்ட், பழைய ஸ்டிக்கர், உரசல், இவையெல்லாம் போனபின் அந்த வண்டி யாருடையது என்று சொல்ல எதுவும் மிஞ்சாது. ஷோரூம் பளபளப்புக்காக இரண்டு லட்சம் செலவழிப்பவர்கள் பிரேக்கில் இரண்டாயிரம் மிச்சம் பிடிப்பதைப் பார்த்தால் எரிச்சல் வருகிறது.

முதல் ஸ்டார்ட் வெட்டவெளியில், தீயணைப்பானோடு ஒருவர் நிற்க வேண்டும். ஓடியதும் ஆக்சிலரேட்டரை உறுமவிட்டுக் கைதட்டல் வாங்க வேண்டாம். 1500 ஆர்.பி.எம். அளவில் வைத்து, ஆயில் முள்ளையும் சூட்டையும் மட்டும் பாருங்கள். சூடேறியதும் நிறுத்தி, முழுக்க ஆறவிட்டு, தண்ணீர் அளவு பார்த்து, கசிவு தேடி, மறுபடி. அதற்குப் பிறகுதான் தடம். முதல் ரவுண்டு மெதுவாகப் போய் நேரே உள்ளே வரவேண்டும். வீல் நட் இறுக்கம், பிரேக் குழாய், ஹோஸ் எல்லாவற்றையும் தொட்டுப் பார்த்து, பிறகு மூன்று ரவுண்டு. ஒவ்வொரு போல்ட்டும் நட்டும் சேருமிடத்தில் பெயின்ட்டால் ஒரு கோடு இழுத்துவிட்டால், கோடு விலகியிருப்பதை வைத்துத் தளர்ந்ததைக் கண்டுபிடிக்கலாம். நீண்ட வளைவுகளில் வேகம் காட்ட வேண்டாம். ஆயில் ஒரு பக்கம் ஒதுங்கி, உறிஞ்சும் குழாய் காற்றை இழுக்கும். ஆயில் முள் வளைவில் மட்டும் விழுந்து எழுந்தால் உடனே நிறுத்திவிடுங்கள், சம்ப்பில் (இன்ஜின் அடியில் ஆயில் தேங்கும் தொட்டியில்) தடுப்புத் தகடு இல்லை அல்லது உடைந்திருக்கிறது.

பதிவு எண் இல்லாத இந்தக் காரைப் பொதுச் சாலையில் ஓட்டுவது சட்டப்படி குற்றம். அவிநாசி ரோட்டில் ஊர்வலம் என்றெல்லாம் திட்டம் போடாமல் லாரியில் ஏற்றிக் கொண்டுபோங்கள். கட்டும்போது கயிற்றைச் சக்கரத்தில் போடுங்கள். சஸ்பென்ஷன் கையில் போட்டு இறுக்கினால், வேகத் தடையில் லாரி குதிக்கும்போது கை வளைந்து, மறுநாள் கார் ஒரு பக்கம் இழுக்கும். விழாவுக்கு வந்த விருந்தினரை வேட்டியோடு உள்ளே உட்கார வைத்துப் படம் எடுப்பது, பேட்டரி கழற்றிய காரில் மட்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

விழா முடிந்த அன்றைக்கே டேங்கை வடித்து, மிச்சமுள்ள பெட்ரோல் தீர்ந்து இன்ஜின் தானாக நிற்கும்வரை ஓட்டுங்கள். எத்தனால் பெட்ரோல் ஈரத்தை இழுத்து அடியில் தனியாகப் பிரிந்து நின்றால், அலுமினியக் கார்புரேட்டர் வெள்ளையாகப் பூத்துவிடும். பேட்டரியைக் கழற்றி, நான்கு பக்கமும் ஸ்டாண்டில் ஏற்றி, பிளக் துளைகளில் கொஞ்சம் ஆயில் விட்டு, எக்ஸாஸ்ட் வாயில் துணி அடைத்துவையுங்கள், எலிக்கு அது பிடித்த இடம். தார்ப்பாய்க்குப் பதில் பருத்தித் துணி போர்த்துங்கள், தார்ப்பாயின் உள்ளே வியர்த்துத்தான் பாதித் துரு. மாதம் ஒருமுறை கிராங்கைக் கையால் இரண்டு சுற்று. செய்த வேலை, போட்ட ஜெட் எண், ஷிம் எண்ணிக்கை எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதி, அந்த நோட்டைக் காரின் இருக்கைக்கு அடியிலேயே வைத்துவிடுங்கள்.

இப்படிக்கு,
பழைய பந்தயக் கார்களில் வேலை செய்யும் மெக்கானிக்குகள் சிலர்,
கணபதி, கோயம்புத்தூர்.